ஒரு சாண் வெயில்

அம்மா, எங்கள் அலுவலக மேலாளர் ஒரு கொலைகாரர். பயப்படாதே, செத்தது நான் வளர்த்த செடிகள்தான். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

வருடா வருடம் வேரிலிருந்து துளிர்த்து, மற்ற பூக்களெல்லாம் ஓய்ந்த பிறகு பூக்கும் செடி அது. தேனீக்களுக்குக் கடைசித் தேன் அதில்தான். அலுவலகத் தோட்டத்தில் வெயில் விழும் பாத்தியில் இரண்டு வருடம் வளர்த்தேன். மொட்டு விட்ட வாரத்தில் மேலாளர் வந்து நின்றார்.

"இன்னும் பூக்கலையே, களைதானே? புடுங்கிப் போடுப்பா."

"பத்து நாள் பொறுங்க சார், தேனீ வரும்."

"சம்பளம் தேனீயா குடுக்குது உனக்கு?"

இப்போது அங்கே பிளாஸ்டிக் பூ. தேனீக்கள் உட்கார்ந்து பார்த்து ஏமாந்து போகின்றன.

ஒரே ஒரு வேரை வாளியில் ஒளித்து வைத்திருக்கிறேன். என் அறையில் வெயில் வராது. வேரைச் சுற்ற உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, துவைக்க வேண்டாம்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன். காலையிலும் அவர் மேசைமுன் நின்று கேட்டேன்: "சுவரோரமா ஒரு சாண் வெயில் குடுங்க சார்." ஃபைலை விட்டு அவர் நிமிரவேயில்லை.