உங்கள் கைக்கு மட்டும் திரும்பிய பூட்டு

தள்ளாக்சியின் ஓட்டுநர், என் ஆசை அத்தாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று நம் காரின் இன்ஜினைக் கிளப்பும் சாவிப் பூட்டை மாற்றிவிட்டோம். ஊரே டாக்சி என்று சொன்னதை, தள்ளினால்தான் ஓடும் என்பதால் தள்ளாக்சி என்று பெயர் மாற்றி, ஏற்காடு பஜார் முழுக்கப் பரப்பியவள் நான்தான். அதற்கு நீங்கள் என் காதைத் திருகியதும் உண்டு. இப்போது என் காது சும்மாவே இருக்கிறது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, மழைக்காலம் முழுக்க வண்டி வீட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. சேலத்துக்குச் சவாரி கேட்டு வந்தவர்கள் வேறு வண்டி பிடித்துப் போனார்கள். அம்மா ஊரார் துணிக்கெல்லாம் தையல் போட ஆரம்பித்தார். கடைசியில் எஸ்டேட் ஜீப் ஓட்டிய மாமா, "இனிமே இதை நான் ஓட்டறேங்கா" என்று வந்து சேர்ந்தார். வந்தவரைப் பூட்டு மதிக்க வேண்டுமே! திருகித் திருகி அவர் கட்டைவிரல்தான் சிவந்தது.

"மச்சான் இதுக்கு என்னத்தைக்கா ஊட்டி வளத்தாரு?"

"சொல்லிட்டா போனாரு, தம்பி?" என்றார் அம்மா.

எனக்குத் தெரியும். தேய்ந்துபோன பூட்டு அது. சாவியை முழுக்கச் செருகி, அரிசி மணி அளவு பின்னால் இழுத்து, லேசாகக் கீழே அழுத்தித் திருப்ப வேண்டும். உங்களைப் போல நடித்துக் கேலி செய்யத்தானே அதைப் பழகினேன்! தொண்டையைச் செருமி, பிஸ்மில்லா சொல்லி, சாவியைப் போடுவேன். நீங்கள் பின் சீட்டில் பெரிய மனிதர் போலச் சாய்ந்துகொண்டு, "ஏனுங்க டிரைவரு, சேலத்துக்கு எவ்வளவுங்க?" என்பீர்கள். "ஏறிட்டீங்க, இனி இறங்கித் தள்ளுறதுக்குத்தானுங்க காசு" என்பேன்.

மாமாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். எப்போதாவதுதான் அவருக்குத் திரும்பியது. கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது? சேலம் போய்ப் புதுப் பூட்டு வாங்கிவந்துவிட்டார்.

எனக்கு மனசே இல்லை அத்தா. அந்தப் பூட்டும் போய்விட்டால், உங்கள் கையை நான் எங்கே போய்த் தொடுவேன்?

மாமா பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார். இதில் ஒரு வேடிக்கை. பழைய பூட்டை வெளியே எடுக்கவே முதலில் சாவி திரும்ப வேண்டுமாம்! திருப்பிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சின்னத் துளையில் கம்பியால் குத்தினால்தான் அது கழன்று வரும். மாமா முயன்றார், முயன்றார். ம்ஹூம்.

"கண்ணு, நீயே வா. மச்சான் கையி உனக்குத்தான் வரும்."

எனக்கும் வராது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், பூட்டு இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். அம்மா தையலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

தொண்டையைச் செருமினேன். பிஸ்மில்லா சொன்னேன். இழுத்தேன், அழுத்தினேன், திருப்பினேன். முதல் தடவையே திரும்பியது. மாமா கம்பியைக் குத்தியதும் பூட்டு சாவியோடு என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. என்னை அறியாமல் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். சேலத்துக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

புதுப் பூட்டை மாட்டி, வயரை இணைத்து, முதலில் என்னைத்தான் திருப்பச் சொன்னார் மாமா. திரும்பவில்லை. என் விரல் தானாகவே சாவியைப் பின்னால் இழுத்திருந்தது.

"புதுசு கண்ணு, இழுக்காதே. நேரா திருப்பு."

மறுபடியும் இழுத்தது. மறுபடியும்.

"நகரு, நான் பாக்கறேன்" என்றார் அம்மா. அந்த சீட்டில் அவர் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். திருப்பினார். இன்ஜின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"யா அல்லா, என்னடி இது! நான் சொன்னாலும் கேக்குது!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். மாமா இன்ஜினை அணைக்கவே இல்லை.

இன்று காலை முதல் சவாரி அடிவாரம் இறங்கியது. இனி யார் திருப்பினாலும் நம் வண்டி ஓடும். அதுதான் நல்லது என்று புரிகிறது. புரிவதும் தாங்குவதும் ஒன்றா அத்தா?

ஒரு வாக்குத் தருகிறேன். அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி மாமாவை விடாமல் நச்சரிப்பேன். புதுச் சாவியை இழுக்காமல் திருப்ப நானும் பழகிக்கொள்வேன். அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பழகுகிறேனே?

உங்கள் ஒரே மகள்,
வாயாடி நசீமா