மாப்பிள்ளை மூர்த்திக்குப்பத்திலேயே இருக்கிறார்

என் அன்புச் சம்பந்தி புவனாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால் நீ சிரிப்பாய். அதனால் என் நலத்தை மட்டும் சொல்கிறேன். களைப்பாக இருக்கிறேன். வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், "மிஸ், நைட்டு தூங்கலையா?" என்று கேட்கிறார்கள். தூங்கத்தான் செய்கிறேன். காலையில் கண் விழித்தால் களைப்பு எனக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

துக்கத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன், உனக்குத் தெரியும். அழுகையைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். தவளக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டத் தெம்பில்லாமல் நிற்பதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கு நாம் எப்படிச் சம்பந்தி ஆனோம் என்று சொல்லிவிட வேண்டும். கல்யாணமே ஆகாத இரண்டு பெண்கள் சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டால் யாருக்குத்தான் புரியும்?

பள்ளிக்கூடத்தில் நமக்கு அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள்கள். ஒரே நிறம், ஒரே கூடை. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, பாகூரில் எங்கள் அப்பாவின் மளிகைக் கடை வாசலில் இரண்டையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கடையில் தொங்கிய கொத்திலிருந்து நீ ஒரு மஞ்சள் கயிற்றை உருவி, உன் சைக்கிளின் ஹேண்டில்பாரில் கட்டி மூன்று முடிச்சுப் போட்டாய்.

"ஏய், தாலிக் கயித்த வெச்சி இன்னாடி வெளையாட்டு?" என்று அப்பா அதட்டினார்.

"வெளையாட்டு இல்ல மாமா, கல்யாணம். எங்க பொண்ண உங்க வூட்டுப் பையனுக்குக் குடுக்கறோம்."

"ரெண்டும் லேடீஸ் சைக்கிளு. இதுல யாரு மாப்ள?"

"எது சும்மா லொடலொடன்னு கத்திகினே வருதோ, அதான் மாப்ள."

என் சைக்கிளின் செயின் கவர்தான் அப்படிக் கத்தும். அப்பாவே சிரித்துவிட்டார்.

புதுத் தம்பதியை ஊர்வலம் அழைத்துப் போகிறோம் என்று சொல்லித்தானே அந்தச் சுத்தைக் கண்டுபிடித்தோம்? பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம், கடலூர் ரோட்டைத் தாண்டினால் மணப்பட்டு, அப்புறம் உன் மூர்த்திக்குப்பம். அங்கிருந்து கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நல்லவாடு. பிறகு மேற்கே திரும்பித் தவளக்குப்பம், அபிஷேகப்பாக்கத்து வயல்கள், மறுபடி பாகூர். கடற்கரை மணல் காற்றில் ரோட்டின்மேல் ஏறிக் கிடக்கும் இடங்களில் நான் இறங்கித் தள்ளுவேன். நீ இறங்கவே மாட்டாய். "வுழுந்தா இன்னா, மணலுதான?" என்பாய்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராத அந்த ஐப்பசிக்குப் பிறகு நான் முழுச் சுத்து போகவே இல்லை. மணப்பட்டுச் சவுக்குத் தோப்பு வரை போவேன். தோப்பைத் தாண்டினால் உன் தெரு. அங்கே வந்ததும் கால் நின்றுவிடும். உன் அம்மா முன்னால் போய் நின்று என்ன பேசுவது? உன் வயதில் ஒருத்தி வாசலில் வந்து நிற்பதே அவருக்கு வலிக்காதா?

போன வாரம் அத்தையே, உன் அம்மாவே, போன் செய்தார்.

"இன்னாடி, இந்தப் பக்கம் ஒரு ரோடு கீதே, தெரியுமா?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"வருசம் திரும்பப் போவுது. அவ சாமானெல்லாம் எடுத்து எடுத்துக் குடுத்துகினு இருக்கேன். சைக்கிளு ஒண்ணுதான் பாக்கி. ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்காரன் வரான். பாக்கறதுன்னா வந்து பாத்துட்டுப் போ."

எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க வாய் எழவில்லை, புவனா. எந்த உரிமையில் கேட்பது? ஒரு முழம் மஞ்சள் கயிற்றைக் காட்டியா? பெற்றவள் ஒரு முடிவுக்கு வந்திருக்கும்போது குறுக்கே போய் நிற்கலாமா? ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிளில் கிளம்பினேன்.

சவுக்குத் தோப்பில் வழக்கம்போல் கால் நின்றது. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சென்னையிலிருந்து சைக்கிள் ஓட்ட வந்த நான்கைந்து பேர் நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சுத்தில் கூட்டம். அவர்களில் ஒரு பெண் என்னிடம், "செம்ம ரூட்டுங்க இது. இதுக்குப் பேரு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"பேரெல்லாம் இல்ல. நாங்க சுத்துன்னு சொல்லுவோம்."

நாங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திரும்பிப் போக முடியவில்லை.

அத்தை வாசலில் வலை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடி இப்பிடி எளச்சிப் பூட்ட? உங்கப்பன் கடையில அரிசி இல்லியா?"

"இருக்குது அத்த."

"இருந்தா துன்னு. பாத்துகினு இருந்தா ஒடம்புல ஒட்டுமா?"

உன் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. உப்புக்காற்று ரிம்மைத் தின்றிருந்தது. கூடை பாதிதான் மிச்சம். ஆனால் ஹேண்டில்பாரில் நிறம் போகாத புது மஞ்சள் கயிறு. மூன்று முடிச்சு.

நான் கயிற்றைப் பார்ப்பதை அத்தை பார்த்துவிட்டார். உடனே மீனைப் புரட்டத் தொடங்கினார்.

"ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் கயிறு மாத்தனோம். இதுக்கும் ஒண்ணு கட்டி வுட்டேன். வருசா வருசம் அவதான மாத்துவா."

இதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே? நான் அந்த விளையாட்டை எப்போதோ சம்பந்தி என்ற வெறும் பேராக்கிவிட்டேன். நீ வருஷா வருஷம் கயிறு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாய்.

கொஞ்ச நேரம் கழித்து, "இரும்புக்காரரு எப்ப வருவாரு அத்த?" என்றேன்.

"எந்த இரும்புக்காரன்?" அத்தை தலை நிமிரவில்லை. "அப்பிடிச் சொன்னாத்தான நீ வருவ."

குனிந்து பார்த்தேன். டயரில் காற்று முழுதாக இருந்தது. செயினில் புது எண்ணெய்.

"கட்டிக் குடுத்த பொண்ண எம்மா நாளிக்கி பொறந்த வூட்லயே வெச்சிகினு இருப்பாங்க? நாலு பேரு இன்னா பேசுவாங்க? கூட்டிகினு போ."

என் சைக்கிளில் ஏறி, உன்னுடையதை ஒரு கையால் பிடித்து உருட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அத்தை எழுந்து வந்து என் சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள எங்க கெளம்பிட்டாரு? மறுவூட்டு விருந்தே இன்னும் வெக்கல. துன்னாம அனுப்புவாங்களா? அவுரு இங்கியே இருக்கட்டும்."

"அத்த…"

பிடியை விடவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

"அவுரு இங்க இருந்தா நீ வந்துதான ஆவணும்."

நான் உன் சைக்கிளில் ஏறினேன். நீ உயரம், சீட்டை உன் காலுக்கு ஏற்றி வைத்திருக்கிறாய். எனக்குக் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. இறக்கிக்கொள்ள மனமில்லை. கடல் வலது கைப் பக்கம் வந்தது. மணல் ஏறிய இடத்தில் காலை ஊன்ற எட்டாததால் ஓட்டிப் பார்த்தேன். விழுந்தேன். நீ சொன்னது சரிதான், மணல்தான்.

கடைவாசலில் இறங்கியபோது அப்பா எண்ணெய் டின்களை நகர்த்தி இடம் பண்ணினார். "இன்னாம்மா, மாப்ள எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மாமியா வூட்ல."

களைப்பு போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்று முட்டியும் சேர்ந்து வலிக்கிறது. ஆனால் வருகிற ஆயுத பூஜைக்கு உன் பெண்ணைக் கழுவி, சந்தனம் வைத்து மூர்த்திக்குப்பத்துக்கு அழைத்துப் போவேன். விருந்து சாப்பிட்டு மாப்பிள்ளையைக் கூட்டி வருவேன். வரும்போது பெண்ணை அங்கே விட்டுவிட்டு வருவேன். அப்புறம் அவளை அழைக்கப் போகும்போது மாப்பிள்ளையை விட்டு வருவேன். இனி எப்போதும் இரண்டில் ஒன்று உன் வீட்டில்தான் இருக்கும், புவனா. நான் போய்த்தானே ஆக வேண்டும்?

இப்படிக்கு,
மாப்பிள்ளை வீட்டார் எல்லார் சார்பிலும்,
உன் சம்பந்தி