நாடி 76

பங்குனி 11, செவ்வாய்

ஏழு மணிக்கே வெயில். குருநகரிலிருந்து திருநெல்வேலிக் கல்லூரி வரை பஸ்ஸில் நின்றபடி. வெள்ளைச் சீருடையின் தோளில் யாருடையதோ எண்ணெய்க் கை.

உடற்கல்வி வகுப்புக்குப் பன்னிரண்டு நிமிட ஓட்டப் பரீட்சை. ஓட முன் நாடி பார்த்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பது தாதியர் வகுப்பின் வேலை. நூறுக்கு மேல் என்றால் ஓட விடக்கூடாது. அவர்களுக்குப் பாதுகாப்பு, எங்களுக்குப் பயிற்சி.

சுபாவும் நானும் மட்டும். அவர்கள் முப்பத்தினாலு பேர். உடற்கல்விச் சேர் விசிலோடு நின்றார். "கெதியா முடியுங்கோ பிள்ளையள், வெயில் ஏறுது." முதல் ஐந்து பேருக்குப் பிடித்துப் பார்த்தேன். பிறகு வழமைபோல. பெயரைக் கேட்பது, எண்ணைப் போடுவது. போன வருட அக்காமார் பழக்கிவிட்ட முறை. நாலால் பிரிபடும் எண்ணாக இருக்க வேண்டும்: 72, 76, 80. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவதுதானே வழக்கம். 75 என்று போட்டால் கள்ளம் பிடிபட்டுவிடும்.

கடைசிக்கு முதல் ஆள் கௌசிகா. புத்தூர்ப் பிள்ளை. கன்ரீனில் எங்கள் மேசைக்கு வந்து தன் சோற்றுப் பெட்டியை நடுவில் வைப்பவள். கையை நீட்டினாள்.

"நீட்டத் தேவையில்லை, போம் போம்."

76 போட்டேன். கை இன்னும் கொஞ்சம் அப்படியே நின்றது. பிறகு போனாள்.

நாலாம் சுற்றில் விழுந்தாள். ஓடிப்போய் அப்போதுதான் அவள் கையைப் பிடித்தேன். நெருப்பு. நாடி கிடைக்கவில்லை. நெஞ்சை அமத்தினேன். வகுப்புப் பொம்மையில் அமத்தினால் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். இவளில் வேறு சத்தம். அம்புலன்ஸ் வரும்வரை நானும் சுபாவும் மாறி மாறி.

முழங்காலில் மைதானத்து மண். கழுவவில்லை.

12, புதன்

கௌசிகா இல்லை. நேற்றே முடிந்துவிட்டதாம். வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பவில்லை. பிறகு எங்கள் வகுப்பு மிஸ் போன் எடுத்துச் சொன்னார்.

மூன்று நாள் காய்ச்சலாம். இதயத்தையும் தாக்கியிருந்தது என்றாராம் டொக்டர். பரீட்சையை விட்டால் இன்னும் ஒரு வருடம். அதனால் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

காய்ச்சல் இதயத்தைத் தாக்கினால் நாடி ஓடும். நூறைத் தாண்டியிருக்கும். பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாம் மாதப் பாடம். அதில் எனக்குத்தான் கூடிய புள்ளி.

வாங்க: சவர்க்காரம், நீலப் பேனை, அப்பாவின் பிரஷர்க் குளிசை.

13, வியாழன்

செத்தவீட்டுக்கு வகுப்பே போனது. நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்தேன். வேறு வருத்தம் கிடைக்கவில்லையா எனக்கு? அம்மா வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"சுடேல்லையேடி."

14, வெள்ளி

மிஸ் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் படிவம். கௌசிகா, 76, என் கையெழுத்து.

"நல்ல காலம், நீர் பாத்து எழுதி வைச்சிருக்கிறீர். இல்லாட்டி விசாரணையிலை எல்லாரின்ரை தலையும் உருண்டிருக்கும்."

"மிஸ், நான் பிடிச்சுப் பாக்கேல்லை."

"என்ன?"

திரும்பச் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இந்தக் கதையை இஞ்சையே விட்டிடும். உமக்குச் சான்றிதழும் இல்லாமல் போகும், சேருக்கு வேலையும் போகும். அதாலை அந்தப் பிள்ளை எழும்பி வருமோ?"

வராது என்றேன். வெளியே வந்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைக்க என்மேல் எனக்கே அருவருப்பு.

சுபா என்னோடு கதைக்கவில்லை. அவளும் பிடித்துப் பாராமல் எழுதியவள்தான். அவளின் எண்ணெல்லாம் எழும்பி நடந்து வீட்டுக்குப் போய்விட்டது.

16, ஞாயிறு

பூசை. பாவசங்கீர்த்தனம். பொய் எழுதினேன் என்றேன்.

"எத்தினை தரம்?" சுவாமி கேட்டார்.

"கன தரம்."

பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம். அவ்வளவுதான். மற்றதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மீன் கழுவப் பிந்தியதற்கு அம்மாவிடம் பேச்சு.

17, திங்கள்

நாளை புத்தூரில் கௌசிகாவின் எட்டாம் நாள் படையல். போவேன். அவளின் தாயிடம் சொல்வேன். வேறு எங்கும் சொல்லத் துணிவில்லை, அவரிடமாவது. அடித்தால் அடிக்கட்டும்.

18, செவ்வாய்

பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அம்மா, நான் அவளின் கையைப் பிடிக்கவில்லை. அம்மா, நான் பிடிக்காமலே எழுதினேன்.

முற்றமெல்லாம் செம்மண். கொட்டிலில் வெங்காயப் பிடிகள். படத்துக்கு முன்னால் அவளுக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் படைத்திருந்தார்கள். அவளின் ஓட்டச் சப்பாத்தையும் கழுவி வைத்திருந்தார்கள். நான் வாய் திறக்க முன்னமே தாய் வந்தார்.

"நீர்தானோ பிள்ளை, ஓட முன்னம் அவளின்ரை கையைப் பிடிச்சுப் பாத்தது?"

ஓம் என்று வந்துவிட்டது.

"கை சுட்டதோ?"

அவரே சொன்னார். "அண்டைக்கு விடிய நான் வெங்காயம் கிண்டிக்கொண்டு நிண்டனான். வெளிக்கிட்டு வந்தாள். தோட்டத்திலை நிண்டபடி, காய்ச்சல் விட்டிட்டுதோ எண்டு கேட்டன். விட்டிட்டுதம்மா எண்டாள். கையெல்லாம் மண். கிட்டப் போய்த் தொட்டுப் பாக்கேல்லை." என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லும் பிள்ளை. சுட்டதோ?"

"இல்லையம்மா. சுடேல்லை."

என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நனைந்தது.

"நான் பாக்காட்டிலும் நீராவது தொட்டுப் பாத்தீரே."

பிறகு இலை போட்டு என்னை இருத்தினார். தானே பரிமாறினார். போதும் என்றேன். இரண்டாந்தரமும் சோறு போட்டார். சாப்பிட்டேன்.