புடவை நுனியைப் பிடித்திருந்த கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு வழக்கமான முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வந்தால் நீ "சரிக்கா, வச்சிடட்டுமா" என்பாய், எனக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அதனால்தான் கடிதம். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

இந்த மாதக் கடைசியில் அம்மா இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். சமையலறையை ஒருவழியாக முடித்துவிட்டேன். அம்மா சேர்த்து வைத்திருந்த காலி டப்பாக்களை வைத்து ஒரு கடையே போடலாம். ஒன்றுக்காவது சரியான மூடி இருக்க வேண்டுமே! பீரோவில் இருந்த துணிகளையும் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். உன் கல்யாணப் படத்தை மட்டும் நீ சொன்னபடி கிழித்துப் போடவில்லை.

எந்தப் படம் என்று உனக்கே தெரியும். நீ, உன் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் அம்மா. எல்லோரும் கேமராவைப் பார்க்க, அம்மா மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள். ஒரு கையால் உன் மனைவியின் புடவை நுனியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் அண்ணன் ஆசையாக எடுத்துக் கொடுத்த சாதாரணப் புடவை அது. "என் முகத்தைக்கூடப் பாக்கல, துணி மட்டமான்னு தடவிப் பாக்குறாங்க" என்று அந்தப் பெண் அழுதாள். நீ அத்தனை பேர் நடுவிலும் கத்தினாய். அம்மாவும் "ஆமாண்டா, துணியைத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று போனவள்தான் உன் மனைவி, அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. அம்மாவின் சாவுக்குக்கூட நீ தனியாகத்தான் வந்தாய்.

போன வாரம் கத்தரி அத்தை வந்திருந்தாள். அம்மாவோடு மில்லில் துணி சரிபார்க்கும் பிரிவில் இருந்தாளே, அவள்தான். வேலையும் கத்தரி, வாயும் கத்தரி என்று நாம்தான் அந்தப் பெயரை வைத்தோம். படத்தைப் பார்த்ததும், "அடிப்பாவி, மகன் கல்யாணத்துலயும் கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் நின்னாளா? சூப்பர்வைசர் வந்திருந்தாரே, அந்தப் பயம்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே விவரமாகச் சொன்னாள். கண்ணாடி போட்டவர்களை அந்தப் பிரிவில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். அம்மாவுக்குக் கிட்டத்தில் இருப்பது நன்றாகத்தான் தெரியும். துணியை மூக்குவரை கொண்டுபோய் விரலால் தடவினால் ஓர் இழை விட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். கொஞ்சம் தள்ளி நிற்கும் ஆள் முகம்தான் தெரியாது. அப்பா போன பிறகு நம் இருவருக்கும் சோறு போட்டது அந்த வேலைதான், அதனால் வாயே திறக்கவில்லை. வேலைக்குக் கிளம்பி வாசல் தாண்டும்போது கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவாளே, அழகு குறைந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று நாம் எவ்வளவு கிண்டல் செய்திருப்போம். அவளும் கூடவே சிரித்துவிட்டுப் போவாள்.

இன்னொன்றும் சொன்னாள். "தெனமும் என் முந்தானையைப் பிடிச்சிட்டுத்தான் ரோட்டைத் தாண்டுவா. வேற யாரு கை குடுத்தாலும் பிடிக்க மாட்டா." அதற்குமேல் என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை, தம்பி. கல்யாணக் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூடத் தெரியாமல் நின்றவள், பிடித்துக்கொள்ள உன் மனைவியைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

அன்று சூப்பர்வைசர் எதிரில் சொல்ல முடியாது, அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அத்தை என்னை ஒரு முறை முறைத்தாள். "வேலையை விட்ட அன்னைக்கே அவனுக்குப் போன் போட்டா. அவன் எடுத்தானா?" என்றாள். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு நானும்தான் ஒரு நாளும் கேட்டதில்லை.

படத்தையும் அம்மாவின் கண்ணாடியையும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். படத்தில் உன் மனைவியின் முகம் மட்டும் பளபளப்புப் போய் மங்கியிருக்கும். வெயில் பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பீரோவுக்குள் மூடிக் கிடந்த ஆல்பத்தில் ஏது வெயில்? மருமகள் முகத்தை அம்மா அந்தப் படத்தில்தான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்திருக்கிறாள். துணியைப் பார்ப்பதுபோல் மூக்குவரை கொண்டுபோய், விரலால் தடவித் தடவிப் பார்த்திருக்கிறாள்.

நீ எதையும் விளக்க வேண்டாம். படத்தை உன் மனைவி கையில் கொடு, அந்த விரல்களை மட்டும் காட்டு. வீட்டுச் சாவி மாதக் கடைசிவரை என்னிடம்தான் இருக்கும். இரண்டு பேருமாக ஒரு தடவை இந்த வாசல்படி ஏறிவிட்டுப் போங்கள். என் கண்ணுக்கும் இப்போது தூரத்தில் இருப்பது சரியாகத் தெரிவதில்லை. அவளைக் கொஞ்சம் கிட்டே வந்து நிற்கச் சொல்.

இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

உன் அக்கா