கீழே இறக்கிய குழாய்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

இன்றும் நடு ஆற்றில் என் படகுக்குள் தண்ணீர் ஏறியது. அடியில் தேங்குவதை பம்ப் வெளியே தள்ளிவிட்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் பழையபடி நிறையும். சந்தைக்குப் போகிறவர்கள் ஆடுகளை மடியில் தூக்கிக்கொண்டார்கள்.

கரைக்கு வந்ததும் சேகரைத்தான் பிடித்தேன். என் மனைவியின் தம்பி. போன வாரம் படகின் அடியில் ஒட்டுப் போட்டது அவன்.

"நீ ஒட்டுப் போட்ட லட்சணம் இதுதானாடா?" என்று அத்தனை பேர் எதிரிலும் கத்தினேன்.

"ஒட்டு நல்லாத்தாங்க மாமா இருக்குது," என்றான். பையை எடுத்துக்கொண்டு தன் ஊர் நல்லம்பள்ளிக்கு பஸ் ஏறிவிட்டான்.

பம்பைக் கழற்றிப் பார்த்தேன். குப்பை அடைக்கவில்லை, ஒயரும் சரி. காலிப் படகில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை. சாயங்காலம் ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தேன். பாரத்தில் படகு அமிழ்ந்து, பம்ப் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய் ஆற்றுக்குள் கிடந்தது. பம்ப் நின்றதும் ஆறு அந்த வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்த வாயைக் கீழே இறக்கச் சொன்னது நான்தான். கல்யாணத்துக்குப் போன பெண்கள் பட்டுச் சேலையில் பம்ப் தண்ணீர் தெறிக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். "மேலயே இருக்கட்டுங்க மாமா," என்று சேகர் அன்றைக்கே சொன்னான்.

குழாயைத் தூக்கிக் கட்டிவிட்டு அவனுக்கு போன் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள், "மாமா, தண்ணி நின்னுச்சுங்களா?" என்றான்.

நின்னுச்சு என்றேன். எதனால் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.