அட்டையில் இருப்பது பூனை, அண்ணை

என் சீலன் அண்ணைக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்க நானும் உங்களைக் கட்டிய மச்சாளும் யாழ்ப்பாணம் போகிறோம். சொந்தக்காரருக்குக் கொடுக்க உங்கள் நினைவுப் புத்தகங்களும் பெட்டியில் இருக்கின்றன, நம் ஆட்கள் கல்வெட்டு என்பார்களே, அது. அதைக் கொண்டுபோகத்தான் எனக்குப் பயம்.

அட்டையைச் செய்தது உங்கள் மகள் அபி. உங்கள் படத்தை ஒட்டினாற்போல ஒரு சின்னம். சிவப்பில் மஞ்சள் மிருகம், முதுகில் வரி, திறந்த வாய். லண்டனில், உங்கள் மோர்டன் வீட்டில் புத்தகக் கட்டைப் பிரித்ததும் கத்திவிட்டேன்.

"ஐயோ பிள்ளை, ஏன் புலியைப் போட்டனீ? ஏர்போர்ட்டிலை புலிக்கொடி எண்டு மறிச்சுப்போடுவாங்கள்!"

"ரிலாக்ஸ் மாமி, அது பூனை. அப்பா இருந்த ஜேர்மன் கிராமத்தின்ரை சின்னம்."

லண்டனுக்கு வருமுன் நாலு வருடம் நீங்கள் அகதியாக இருந்த கிராமம். அந்த ஊர்க் கால்பந்துக் குழுவின் சட்டையிலிருந்து வெட்டிய துண்டு அது. உங்கள் பழைய ஜாக்கெட்டின் உட்புறத்தில் கறுப்பு நூலால் தைத்திருந்ததாம். அபி அந்தக் கிராமத்து அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள்.

முன்னொரு காலத்தில் படைகள் ஊரைக் கொளுத்த, சனம் காட்டுக்குள் ஓடிக் குளிர்காலம் முழுக்க ஒளிந்திருந்ததாம். திரும்பி வந்தபோது, எரிந்த வீடுகளுக்கு நடுவே ஒரு வீட்டுப் பூனை மட்டும் காத்திருந்ததாம். சிவப்பு அந்த நெருப்பு. மஞ்சள் அடுத்த வருடம் விளைந்த கோதுமை. பூனை உறுமவில்லை, பசியில் கத்துகிறது என்று எழுதியிருந்தார்கள். வாசித்து அழுதேன். பயம் மட்டும் போகவில்லை. இவ்வளவு கதையையும் விமான நிலையத்தில் யார் நின்று கேட்பார்கள்?

ஏன் அண்ணை அதை உள்ளே வைத்துத் தைத்தீர்கள்? நீங்களும் புலி என்றுதான் நினைத்தீர்களா? என்ன மிருகம் என்று அங்கே யாரிடமும் கேட்கக்கூடப் பயந்தீர்களா? ஒரு பூனையையா இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்தீர்கள்?

"அட்டையைக் கிழிச்சுப்போட்டுக் கொண்டுபோவம். எனக்கு ஒருத்தருக்கும் விளக்கம் சொல்ல ஏலாது," என்றார் மச்சாள். நேற்று ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். சின்னத்தோடு உங்கள் தாடையும் சேர்ந்து வந்துவிட்டது.

இனிக் கிழிக்க மாட்டேன். சிங்களத்தில் பூனைக்கு 'பூசா' என்பார்களாம். பல் விளக்கும்போதும் அதையே சொல்லிப் பார்க்கிறேன். ஊரில் அன்று சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் 'கொட்டியா', புலி, என்று கத்தி உங்களைப் பஸ்ஸிலிருந்து இழுத்து இறக்கினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த நான், இவர் என் அண்ணை, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று நீங்கள் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அட்டையை மறைக்காமல் கொண்டுபோவேன். கேட்டால் சொல்வேன் அண்ணை. இந்த முறை சொல்வேன்.

பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் இருந்த தங்கை,
மலர்