பூட்டு விழுந்த சத்தம்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். கன்னத்து வீக்கம்கூட வடிந்துவிட்டது, பதறாதீர்கள்.

எங்கள் தையல் சூப்பர்வைசர் என்னை அறைந்து, துணிக் கிடங்கில் ஒரு பகல் முழுக்கப் பூட்டிவைத்தான். போலீஸில் அறைந்ததை மட்டும்தான் சொன்னேன்.

"அது சின்னக் குற்றம்மா. அபராதத்தோட போயிடும்," என்றார் போலீஸ்காரர்.

எழுந்திருக்கும்போது, கிடங்கில் தண்ணீரில்லாமல் தவித்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"பூட்டினானா? அதையில்ல முதல்ல சொல்லணும்! அதுதான் பெரிய குற்றம். வாரண்ட் இல்லாமலே பிடிச்சு உள்ளே போடலாம்."

நேற்று அவனை உள்ளே தள்ளினார்கள். பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். கம்பிக்குள்ளிருந்து கெஞ்சினான்.

"தண்ணி வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

போர்த்திக்கொள்ள உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். கதவைத் தாழிட்டால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. அவனுக்கும் வரக்கூடாது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்